அப்பா நசுக்கிய குழாய்

என் அன்பு மகளுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம், கார் மட்டும்தான் படுத்துப் படுத்து எழுந்தது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், பொய்யாக இருந்தாலும் அப்படியே எழுது.

காரில் ஃப்யூவல் பம்ப், அதுதான் டேங்குக்குள் உட்கார்ந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற மோட்டார், மூன்று மாதத்தில் இரண்டு போய்விட்டது. இரண்டும் நம் ஸ்பேர் பார்ட்ஸ் மாமா கடையில் வாங்கியவை. இரண்டாவது மேம்பாலத்தின் நடுவில் நின்றுபோய், பின்னால் வந்த பஸ்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபத்தில் உன் அப்பா நேரே கடைக்குப் போய், பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய மனிதரை வாடிக்கையாளர்கள் முன்னால், "போலிச் சரக்கை என் தலையில கட்டிட்டியேடா" என்று கேட்டுவிட்டார். அதோடு ஐந்து வாரம் பேச்சில்லை. சாயங்காலம் மாமா கடைக்குப் போகிற பழக்கத்தில் செருப்பை மாட்டுவார், வாசல் வரை போவார், திரும்பி வந்து என் சமையலில் குறை கண்டுபிடிப்பார்.

வேறு கடையில் வாங்கி மாட்டிய மூன்றாவது பம்பும் ஒரே வாரத்தில் முனக ஆரம்பித்ததும், பொறுக்க முடியாமல் அவரையும் காரையும் சேர்த்து ஒரு மெக்கானிக் பெண்ணிடம் இழுத்துப் போனேன். அவள் அழுத்தத்தை அளந்து, "மூணு இருக்க வேண்டிய இடத்துல அஞ்சரை காட்டுதும்மா" என்றாள். அடியில் படுத்துப் பார்த்தால், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்புகிற குழாய் தட்டையாகக் கிடக்கிறது. வழி அடைபட்டு அழுத்தம் ஏற, அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து, சூடாகி, அற்பாயுசில் கருகியிருக்கிறது. "எந்த பம்பைப் போட்டாலும் இதே கதிதான், டயர் மாத்தறப்ப ஜாக்கியை இங்க வச்ச புண்ணியவான் யாரு?" என்று கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா கூரையைப் பார்த்தார்.

அன்றைக்கே, கழற்றிப் போட்ட அந்தக் குழாயைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மாமா கடைக்குக் கிளம்பினார், வேடிக்கை பார்க்க நானும் போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க ஒத்திகை. உள்ளே போனதும் எல்லாம் மறந்து, குழாயை மேசையில் வைத்து, "நான்தான்டா நசுக்கினேன்" என்றார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "குழாயை மட்டுமாடா நசுக்கின?" என்றார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்பு வாங்க வந்திருந்த யாரோ ஒருவரிடம், "இவன் சரக்கு சுத்தம்ங்க, தப்பு என்னோடது" என்று சத்தமாகச் சொன்னார். அந்த ஆள் ஒன்றும் புரியாமல் "சரிங்க" என்று பல்போடு போய்விட்டார். மாமா சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது.

நீயும் டேங்கை வற்றவிட்டு ஓட்டாதே, பெட்ரோலில் மூழ்கி இருந்தால்தான் அந்த மோட்டார் சூடாகாதாம். நோய் நொடி இல்லாமல் நிறைவாக இரு, கண்ணு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஜாக்கி என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடாதே, அப்பா முன்னால் என்னால் சிரிப்பை அடக்க முடியாது.

என்றும் உன்னையே நினைக்கும்,
அம்மா