ஒரு கருப்பு மணியும் உன் கையெழுத்தும்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் எதையோ வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். பல் முளைக்கிற வயசு, கண்டதெல்லாம் வாய்க்குப் போகிறது. பதறிப்போய் விரலை விட்டு எடுத்தேன். மிளகு அளவில், நடுவே ஓட்டையோடு ஒரு கருப்பு மணி. அவள் கையில் கட்டியிருக்கும் திருஷ்டி மணிதான் அறுந்துவிட்டதோ என்று எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அப்புறம்தான் தெரிந்தது, இது உன் மணி. என் பழைய கைப்பையின் சில்லறை அறையில் இத்தனை நாள் கிடந்திருக்கிறது. பையை அவள் கவிழ்த்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். இப்போது அவள் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று இரண்டு முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் அப்படி ஆகிவிட்டேன். பார்த்தால் சிரிப்பாய்.

நம் தொழிற்சாலைச் சோதனை அறையில் நீ எனக்கு வேலை பழக்கிய முதல் வாரம் நினைவிருக்கிறதா? வாக்கி டாக்கிக்கு வரும் ரேடியோ டிரான்சிஸ்டர்களில் சிலவற்றை எடுத்து, திரையில் கோடு வரைந்து காட்டும் கர்வ் ட்ரேசரில் பொருத்தி அளப்பதுதான் நமக்கு வேலை. நல்லதாக இருந்தால் திரையில் கோடுகள் சீப்பால் வாரியது போல அடுக்கடுக்காக நிற்கும். எனக்கு மட்டும் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி வந்தது.

"கெட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுடலாமா?" என்றேன்.

"அலமாக், பாத்த உடனே கொன்னுடுவியா? வயர்கிட்ட விரலைக் கொண்டு போ டி. தொடாத" என்றாய்.

கொண்டு போனேன். திரையில் சிக்கு இடம் மாறியது.

"உன் கை கிட்ட வந்ததுக்கே கோடு ஆடுதுன்னா தப்பு அதுமேல இல்ல லா. நம்ம வயர்மேல."

அந்த வகை டிரான்சிஸ்டர் அவ்வளவு வேகமானது, ஒரு சாண் வயர் கூடுதலாக இருந்தாலே தானாக அதிர ஆரம்பித்துவிடும் என்று சொன்னாய். வயரைக் கட்டையாக வெட்டி, அதில் ஒரு கருப்பு ஃபெரைட் மணியைக் கோத்தாய். கோடுகள் அடங்கி நின்றன. "பிள்ளைக்குக் கண்ணு படாம கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி" என்றாய். கல்லூரியில் மூன்று வருஷம் படித்த எனக்கு அது அப்படித்தான் விளங்கியது.

பிறகு ஆடிட் வந்தது. நீ உன் ஊர் காஹாங்குக்கு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாய். நான் அறையைச் சுத்தம் செய்தேன். டிரான்சிஸ்டரைப் பொருத்தும் பலகையில் கோணலாக நின்ற கட்டை வயர்களைப் பார்க்க அசிங்கமாக இருந்தது. நீளமான புது வயர் போட்டு, வளைத்து அழகாகக் கட்டினேன். மணியை வெட்டியெடுத்தேன். குப்பையில் போட மனசு வராமல் பைக்குள் போட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீ திரும்பி வந்த அன்று நான் அளந்த பெட்டி முழுக்கச் சிக்குக் கோடுகள். ஆடிட்காரர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். பயத்தில் விரலை நீட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பதிவேட்டில் 'கழிவு' என்று எழுதினேன். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை, கையெழுத்துப் போட முடியாது. நீ பார்க்காமலே போட்டாய். "நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்றாய்.

சரக்கு திரும்பிப் போனது. விற்றவர்கள் அளந்து பார்த்து, ஒன்றுகூடக் கெடவில்லை என்று எழுதினார்கள். சூப்பர்வைசர் உன்னைக் கூப்பிட்டார். நீ ஒரு டிரான்சிஸ்டரைப் பொருத்தி வயரருகே விரலைக் கொண்டுபோனாய். கோடு துள்ளியது. பலகையைப் பார்த்தாய். மணி இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தாய்.

"யார் மாத்துனது?" என்று அவர் மலாயில் கேட்டார்.

எனக்கு அப்போது வயிற்றில் நாலு மாசம். வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். இதெல்லாம் காரணங்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீயும் சொல்லவில்லை. கையெழுத்து உன்னுடையது.

உன்னைப் பேக்கிங் பக்கம் அனுப்பினார்கள். கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "நீயே சொல்லுவேன்னு பாத்தேன் லா" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாசமே நீ சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டாய். எல்லைக்கு இந்தப் பக்கம் கெலாங் பாத்தாவில் அறை எடுத்து, விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் வந்தாய். மழை பெய்த ஒரு காலையில் லாரி. செய்தி வந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு நாள். "பிள்ளை பெத்த உடம்பு, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது" என்றார் மாமியார். நான் உடனே தலையாட்டினேன். அவர் தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது. உன் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மணி கிடைத்த மறுநாள், திங்கட்கிழமை, அதைக் கையில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் மணியை ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். "சுடா லா, விட்டுடு, அது முடிஞ்ச கதை. அந்தப் பொண்ணும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். திட்டக்கூட இல்லை.

பழைய பதிவேட்டை மட்டும் கேட்டு வாங்கினேன். அந்தப் பக்கத்தில் உன் கையெழுத்து, எப்போதும் போலக் கடைசி எழுத்துக்கு ஒரு வால். அதற்குப் பக்கத்தில் எழுதினேன்: 'வயரை மாற்றியது நான். அளந்ததும் நான்.' கீழே என் பெயர். அந்தப் பக்கத்தை இனி யாரும் புரட்டப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். படிக்க வேண்டியவள் நீ ஒருத்திதான்.

மணியை மகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். சோதனை அறையில் உன் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். திரையில் கோடு கலைந்தால் 'கழிவு' என்று எழுதுவதற்கு முன் விரலை நீட்டுகிறேன். கோடு ஆடுகிறது. ஒவ்வொரு தடவையும், பலகையிலிருந்து தலையைத் தூக்கி நீ என்னைப் பார்க்கிறாய்.