கல் பங்களாவின் பின்வாசல்

இன்று காலை அலமாரியைத் திறந்தபோது நீலகிரித் தைல வாசனை வந்தது. உன் சால்வை. சக்கர நாற்காலியை உருட்டி உருட்டித் தோள் வலிக்கிறது என்று தினமும் அந்தத் தைலத்தைத்தான் தேய்த்துக்கொள்வாய். உன் அண்ணன் சால்வையை என்னிடம் கொடுத்தபோது மடித்து வைத்தது, இன்னும் பிரிக்கவில்லை.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய அந்தப் பழைய கல் பங்களாவைப் பார்க்கவேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். எஸ்டேட் ஆபீசில் என் எதிர் மேசைக்காரி நீ. பஸ் விபத்துக்குப் பிறகு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர நீ எங்கேயும் கிளம்பியதில்லை. போய் இறங்கினால், முன்வாசல் முழுக்கக் கருங்கல் படிகள். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

காவல்காரர் ஓடி வந்தார். "கவலப்படாதீங்க அக்கா. ரெண்டு பேரக் கூட்டிட்டு வாறேன், சேரோட தூக்கிரலாமுங்க."

"வேண்டாமுங்க," என்றாய். "நான் பாக்க வந்தவ. பீரோ இல்ல."

திரும்பிவிடலாமா என்று உன் காதருகே கேட்டேன். "இருடி. இத்தன பெரிய ஊட்டுக்கு வெறகு எந்த வழியா போயிருக்கும்?"

காவல்காரர் சிரித்துவிட்டார். ஈரப் புல்லில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பங்களாவைச் சுற்றிப் போனோம். பின்கட்டில் சமையலறைக் கதவு, படியில்லாமல் தரையோடு இருந்தது. நிலைப்படி ஒன்றுதான் தடை. அவர் ஒரு பழைய பலகையைக் கொண்டுவந்து அதன்மேல் சரித்துப் போட்டார். என் கையைத் தட்டிவிட்டு, நீயே சக்கரத்தை உருட்டி உள்ளே போனாய்.

குளிர்காயும் கணப்பின் கல்லை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாய். மாடிக்கு வழியில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு," என்றாய். மேலே சன்னல் நிறைய மூடுபனி, வேறொன்றும் தெரியவில்லை. இறங்கி வந்து சொன்னேன்.

"அப்ப நா ஒண்ணும் தவறவிடல," என்று சிரித்தாய்.

அடுத்த மழையில் காய்ச்சலோடு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன் மேசையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது. மதியம் தனியாகச் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போய் வாயேன் என்கிறார்கள், மனம் வருவதில்லை. தப்பித் தவறிப் போனாலும், எந்த வாசலிலும் என் கண் முதலில் படியில்தான் போய் நிற்கிறது.

போன வாரம் ஆபீஸ் டிரைவர் கட்டும் புது வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் படிக்குக் கல் இறக்கியிருந்தார்கள். "பக்கத்துல ஒரு சாய்வும் விட்டுருங்க," என்றேன்.

"யாருக்குங்க? எங்க ஊட்டுல எல்லாரும் நல்லாத்தான நடக்கறாங்க?"

"யாராச்சும் வருவாங்க," என்றேன். அவர் கொத்தனாரைக் கூப்பிட்டு அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் தேயிலைச் சரிவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.