ஆணியில் தொங்கும் பேட்ஜ்

பம்பாய் லேபர் கேம்ப்பை விட்டுப் போன என் அக்காவுக்கு,

நம் தங்கை செல்வியைச் சாவின் பக்கம் அழைத்துப் போனது நீதான்.

போன ஞாயிறு மாட்டுங்காவில் உன் படத்தைத் திறந்து வைத்தார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மகள், பாக்டீரியாவுக்குள் உயிர் தன்னைத்தானே நகலெடுக்கும் வழியைக் கண்டு சொன்னவள், மூலக்கூறு உயிரியலின் முன்னோடி என்றெல்லாம் பேசினார்கள். பாத்திரம் தேய்க்கப் போன அம்மாவைப் பின்படி வழியாக வரச்சொன்ன மாமி முதல் வரிசையில் இருந்தாள். "நம்ம மாட்டுங்காக் குட்டியாக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உயிரோடு இருந்தபோது நீ எந்தக் குட்டி?

உன் ஆய்வுக்கூடத்தின் தலைவர் பெருமையாகச் சொன்னார்: "அவருடைய பேட்ஜ் பிலிம் ஒரு மாதம்கூடக் கறுத்ததில்லை." எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

ஏன் கறுக்கவில்லை என்று உனக்குத் தெரியும். கதிரியக்கப் பாஸ்பரஸில் கை வைக்கிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டிய, கதிர் பட்டால் உள்ளே பிலிம் கறுக்கும் பேட்ஜை, கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல, அறைக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போவாய். நான் கேட்டபோது சிரித்தாய்.

"போலே. பிலிம் கறுத்தா மாசக்கணக்கா என்னைய வீட்டுல உக்கார வச்சிருவாங்க. வெள்ளைக்காரன் முந்திருவான்."

அடுத்த மழைக்காலத்தில் உன் கையில் நீலம் பாய்ந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆணிக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது உன் மேசையில் செல்வி வேலை செய்கிறாள். வாசலில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பேட்ஜ். எல்லாம் உன்னைப் பார்த்துப் பழகியதுதான். நேற்று அவள் காபி எடுக்கக் கை நீட்டியபோது சேலைத் தலைப்பு விலகியது.

"ஏட்டி, கையில என்ன, நீலமா?"

"பஸ்ல கம்பி இடிச்சிட்டுண்ணே."

"அக்காவும் இதத்தான் சொன்னா."

"சும்மா கெடண்ணே, திமாக் கராப் பண்ணி மூளையக் கொழப்பாத. அக்கா பேட்ஜப் போட்டுக்கிட்டு நின்னிருந்தா இன்னைக்கு அவ படம் சுவத்துல தொங்குமா?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவளும் அந்த நீலத்தைப் பார்த்துவிட்டாள்.

தலைவரிடம் போய் நின்றேன். "எல்லா பிலிமும் சுத்தமா இருக்கே தம்பி" என்று அனுப்பிவிட்டார். உன் சுத்தமான பிலிம்தான் இன்று அவர்களுக்குச் சாட்சி.

நாளை மறுபடியும் போவேன். வாட்ச்மேன் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் அந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். இது சத்தியம். ஆனால் அவர்கள் புது ஆணி அடிப்பார்கள். செல்வி என் பேச்சைக் கேட்கமாட்டாள், உன் பேச்சைத்தான் கேட்பாள். காலையில் உன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போகிறாள்.

அப்போது அவளிடம் சொல். நீ செய்தது தப்பு என்று ஒரு தடவை சொல். வாயைத் திற, அக்கா.

உன் தம்பி,
செல்விக்கு இன்னும் அண்ணன்.