சோடா மெஷின் வாங்கலாமா?

பிப்ரவரி 4

என் கண்ணாடிக்காரிக்கு,

நான் நலம். நீயும் வாண்டுவும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் இரண்டு விநாடியில் தெரிந்துவிடும். தபாலில் கேட்டுப் பதில் வர ஒரு வாரம் ஆகிறது. போனில் பேசினால் நான் சொல்வதைக் கேட்க மாட்டாய், குரல் குழறுகிறதா என்றுதான் கேட்பாய், அதனால் எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டாய். நீ சொன்னால் சொன்னதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு எழுதியதில்லை, விரல் வலிக்கிறது.

சிகிச்சை மையத்திலிருந்து வெளியே வந்து நேற்றோடு எழுபத்தொரு நாள். ஒரு சொட்டு இல்லை. இதை நீ நம்ப வேண்டாம், படித்தால் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கேட்காமல் குண்டூசிகூட வாங்குவதில்லை என்று மையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, அதனால் கேட்கிறேன். போன வாரம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் லிஃப்ட் சர்வீஸ். ஐந்தாம் மாடியில் கதவு மூடாமல் அடம்பிடித்தது. அங்கே சாப்பாட்டு அறையில் சோடா போடும் மெஷின் வைத்திருக்கிறார்கள். பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மாட்டி, மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் உஸ்ஸென்று காஸ் இறங்கி சோடாவாகிவிடுகிறது. பின்பக்கம் ஒரு சின்ன சிலிண்டர். அவ்வளவுதான் சமாச்சாரம். அங்கே வேலை பார்க்கும் பெண் ஒரு டம்ளர் நீட்டினாள்.

குடித்தேன். உனக்கு எப்படிச் சொல்வது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் என் தொண்டை எதையோ கேட்டு நச்சரிக்கும். வெறும் தண்ணீர் கொடுத்தால் முறைக்கும். சோடா கொடுத்தால் அந்தக் கடியில் வாயை மூடிக்கொள்கிறது. அன்றிலிருந்து தினம் மூன்று பாட்டில் கடைச் சோடா வாங்குகிறேன். பை கிணுகிணுக்க நான் படியேறினால் எதிர்வீட்டம்மாள் கதவிடுக்கில் பார்க்கிறாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெஷின் விலை என் பத்து நாள் சம்பளம். வாங்கினால் தகுமா, தண்டமா? யோசித்துச் சொல். ஆறு மாதம் பார்க்கலாம் என்றாய். மே மாதத்தோடு ஆறு மாதம் முடிகிறது. ஜூனில் நீங்கள் இருவரும் இங்கே இருக்க வேண்டும். வாண்டுவின் அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன்.

அன்புடன்,
உன் லிஃப்ட்காரன்


பிப்ரவரி 11

வாண்டுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்கா வீட்டுப் பின்னறையில் எங்கள் இருவருக்கும் ஒரே கட்டில். வாண்டு தூக்கத்தில் உதைக்கிறாள், மற்றபடி குறையில்லை. அக்காவும் அத்தானும் முகம் சுளித்ததில்லை. சுளிக்காமல் இருக்க அவர்கள் படும் பாடு என் கண்ணில் படுகிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மெஷின் விஷயம் விசாரித்தேன். எங்கள் கண்ணாடிக் கடை முதலாளியம்மா வீட்டில் ஒன்று இருக்கிறது. "மொத மாசம் ஆளாளுக்குப் போட்டி போட்டு அமுக்கினாங்க. இப்ப அது மேலதான் துண்டு காயுது" என்றார். பாட்டில் சுமக்க வேண்டாம், காலி பாட்டில் குவியாது, அது லாபம். சிலிண்டர் தீர்ந்தால் கடையில் கொடுத்து மாற்ற வேண்டும், அது தொல்லை. ஒரு சிலிண்டரில் அறுபது லிட்டர் வருமாம். தினமும் விடாமல் குடிக்கிறவர்களுக்குத் தகும், ஆசைக்கு வாங்குகிறவர்களுக்குத் தண்டம் என்றார்.

சோடா எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினோரு வருடம் நம் வீட்டுக்குச் சோடா எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். படித்துவிட்டு வெட்டிய லென்ஸ் அளவு தப்பிவிட்டது. ஒரு பெரியவர் அந்தக் கண்ணாடிக்காக இன்னும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

அது உங்களை நிறுத்தி வைக்கிறது என்றால் வாங்குங்கள். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

வாண்டுவின் அம்மா


மார்ச் 12

என் கண்ணாடிக்காரிக்கு,

வாங்கியாயிற்று. சமையல் மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. நன்றாகக் குளிர்ந்த தண்ணீரில்தான் காஸ் பிடிக்கும், வெந்நீரில் நிற்காது. தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்றாதே என்று பெட்டியில் போட்டிருந்தது. லிஃப்ட்காரனுக்கு யார் புத்தி சொல்வது? எலுமிச்சைச் சாற்றை ஊற்றி அமுக்கினேன். கூரைவரை போய்விட்டது. ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தேன். நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய். துடைக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வேடிக்கை. பன்னிரண்டாம் நாளே சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்றப் போனால் கடைக்காரர், "வீட்ல தினம் பார்ட்டியா சார்?" என்று கண்ணடித்தார். "ஆமா, நானும் என் தொண்டையும்" என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாண்டுவைக் கூட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வா. அவள் கையாலேயே ஒரு பாட்டில் போடட்டும். புது பெயின்டையும் பார்த்த மாதிரி இருக்கும்.

உன் லிஃப்ட்காரன்


மார்ச் 18

என் கண்ணாடிக்காரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்ததும் ஒன்று, வராததும் ஒன்று. சமைத்த சாப்பாட்டை இரண்டு நாள் நானே தின்றேன்.

நீங்கள் வந்து அரை மணி நேரம் நன்றாகத்தானே போனது? வாண்டு அறையைப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து மூடினாள். என்னிடம் ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள். நான் உள்ளே போய் அவளுக்காக ஒரு பாட்டில் போட்டுக்கொண்டு வருவதற்குள் ஷூ மாட்டி, லேஸ் கட்டி, வாசற்கதவருகே நிற்கிறாள். நீயும் பையை எடுத்துவிட்டாய். "அவளுக்குப் படிக்க இருக்குங்க" என்றாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன படிப்பு?

என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் சொல். பிள்ளையை முன்னால் நிறுத்தாதே. எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். ஊற்றிய டம்ளரை எதிரில் வைத்துக்கொண்டு காஸ் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

உன் லிஃப்ட்காரன்


மார்ச் 27

வாண்டுவின் அப்பாவுக்கு,

மூன்று விஷயம் சொல்ல வேண்டும். மூன்றுமே சொல்லக் கூச்சமானவை.

அறுபது லிட்டர் பன்னிரண்டு நாளில் தீர்ந்தது என்றீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். தனியாக ஓர் ஆள் அவ்வளவு குடிக்க முடியாது. கூட யார் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்று அன்றைக்கே மனசு கேட்டுவிட்டது. நீங்கள் சிரிப்பதற்காக எழுதியதை நான் ரசீது மாதிரி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

அன்று நீங்கள் அடுப்படியில் இருந்தபோது கழிவறைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உங்கள் டூல்ஸ் பையைக் கிளறினேன். ஜன்னலோரம் இருந்த டம்ளரை முகர்ந்தேன். எதிலும் ஒன்றும் இல்லை. நிம்மதி வர வேண்டாமா? வரவில்லை. முன்பைவிட நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்றுதான் தோன்றியது.

மூன்றாவது வாண்டு. நான் அவளை முன்னால் நிறுத்தவில்லை. அவள் ஷூ போட்டதை நானே பிறகுதான் பார்த்தேன். இது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் குடிக்க உட்கார்ந்த நேரத்தில் நீங்கள் எங்களைப் பார்த்ததே இல்லை. அந்த வீட்டில் சோடா மூடி உஸ்ஸென்று திறக்கும் சத்தம் கேட்டால் அவள் எழுந்து ஷூ போட்டுக்கொள்வாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. நாலு வயதில் ஒரு தடவை வெறுங்காலோடு தெருவுக்கு ஓடி, காலில் கண்ணாடி ஏறியது. அதற்குப் பிறகு அவளாகப் பழகிக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கும் நீங்கள் கத்த ஆரம்பிப்பதற்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு லேஸும் கட்ட அது போதும்.

பஸ்ஸில் கேட்டேன். "அப்பா குடிக்கலம்மா. பார்த்தாலே தெரியுது. கால்தான் தானா போயிடுச்சு" என்றாள்.

யார் கூடக் குடிக்கிறீர்கள்? நேராகவே கேட்டுவிட்டேன், நேராகச் சொல்லுங்கள்.

வாண்டுவின் அம்மா


ஏப்ரல் 19

கண்ணாடிக்காரிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துவிடு. ஷூ பற்றிய பத்தியைப் படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போக முடியவில்லை.

யாரும் கூட இல்லை. அறுபது லிட்டர் என்பது லேசாகக் காஸ் ஏற்றினால் வரும் கணக்கு. நான் தொண்டை எரிய வேண்டும் என்று ஒரு பாட்டிலுக்கு ஐந்து தடவை அமுக்குகிறேன். பாதிகூட வருவதில்லை. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை இதோடு வைத்திருக்கிறேன். ஈரல் பரவாயில்லை என்று டாக்டர் சொன்னார். நீ நம்ப வேண்டும் என்பதற்காக எடுத்ததுதான்.

உன் கடிதம் வந்த அன்றே மெஷினைத் தூக்கிக் கொண்டுபோய் எங்கள் கட்டட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். அந்தச் சத்தமே வேண்டாம் என்று. இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தவன் பழைய மதுக்கடை வாசலில் நிற்கிறேன். இருபது நிமிடம் நின்றேன். உள்ளே போகவில்லை. போகாததற்கு ஒரே காரணம், உள்ளே இருந்து வெளியே வந்தவன் நமக்குத் தெரிந்தவன், "என்னண்ணே, ரொம்ப நாளாச்சு" என்று தோளில் கை போட்டான். பயந்து ஓடி வந்துவிட்டேன்.

வந்து வாட்ச்மேனிடம் மெஷினைத் திரும்பக் கேட்டேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எவ்வளவு கேவலம். அவர் மனைவி அதைத் துடைத்துக் கொடுத்தாள். சோடா இல்லாமலும் என்னால் இருக்க முடியும் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் பொய்.

ஒரு வழி யோசித்தேன். மெஷினைப் பின்பக்க பால்கனியில் வைத்துவிடுகிறேன். கதவை மூடிக்கொண்டு போடுகிறேன். வாண்டு காதில் விழாது. ஜூனில் வாருங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 28

வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பரிசோதனைத் தாளைப் பார்க்கவில்லை, அது தேவைப்படவில்லை. பழைய கடை வாசலில் நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, குடிக்கிறவர் அதை எழுத மாட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உங்கள் வாய் வார்த்தையோ எழுத்தோ எதையாவது முழுதாக நம்பினேன் என்றால் இதைத்தான்.

நம்பியதால்தான் சொல்கிறேன். நாங்கள் ஜூனில் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

உங்களுக்கு அந்தச் சோடா வேண்டும். நேற்று வேண்டியிருந்தது, பத்து வருடம் கழித்தும் வேண்டியிருக்கும். கதவை மூடிக்கொள்கிறேன் என்கிறீர்கள். வாண்டு இத்தனை வருடம் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்துதான் கேட்டாள். நானும் திருந்தவில்லை. நீங்கள் பால்கனியில் இருக்கும் ஒவ்வொரு தடவையும் நான் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். வேண்டாம் என்று நினைத்தாலும் கை போகும். குடிக்காத மனிதரைத் தினமும் சோதனை போடுகிற மனைவியாக என்னால் வாழ முடியாது, உங்களாலும் முடியாது. என்றாவது ஒரு நாள் அந்தக் கோபத்திலேயே நீங்கள் பழைய கடைக்குப் போவீர்கள்.

எனக்கு வயிறு எரிகிறது. பதினோரு வருடம் நான் அழுதும் காலில் விழுந்தும் கேட்டதை, ஒரு பொத்தானை அமுக்கி ஒரு மெஷின் சாதித்துவிட்டது. நீங்கள் நல்லவரான நேரத்தில் எனக்கு அந்த வீட்டுக்கு வரத் தெம்பில்லை. கெட்டவர் மேல் கோபப்பட்டால் ஊரே துணைக்கு வருகிறது. இந்தக் கோபத்தை அக்காவிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் சின்னது, ஆனால் இரண்டு கட்டில் போடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாண்டுவைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவளுக்கு உங்களைப் பிடிக்கும். இனி எனக்குக் கடிதம் வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள்.

வாங்கலாமா என்று பிப்ரவரியில் கேட்டீர்கள். வாங்கியது சரிதான். யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள். சிலிண்டரை மட்டும் இரண்டாக வாங்கி வையுங்கள். ஒன்று தீரும் அன்று கடை மூடியிருக்கக் கூடாது.

வாண்டுவின் அம்மா