வீடு யார் பேரில்

8 மார்ச் 2004

நான் சம்பளத்துக்குப் பராமரிக்கிற லேடி ஹென்றியேற்றாவுக்கு முட்டை அவித்துக் கொடுத்தேன். தொடவில்லை. அவவின் தமையன் மெல்டன்ஹர்ஸ்ட் பிரபுவைப் புதைத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவர் கலியாணம் கட்டாதவர், பிள்ளைகுட்டி இல்லை. இந்த லண்டன் வீடு, நாட்டுப்புறத்து மாளிகை, அதைச் சுற்றிய காணி எல்லாம் இனித் தங்கச்சிக்குத்தானே. எண்பது தாண்டிய வயதில் என்னத்தை அனுபவிக்கப் போகிறா, பாவம்.

11 மார்ச்

கூடத்துச் சுவர் முழுக்க முன்னோர்களின் படங்கள். லேடி ஒவ்வொருவராகக் காட்டினா. முதலாமவருக்கு ராசா காணி கொடுத்தாராம். யாருடைய காணி என்று கேட்டேன். மடத்துத் துறவிகளுடையதாம், ராசா அவர்களைக் கலைத்துவிட்டார். அடுத்தவர் ஊர்ச் சனத்தைக் குடியெழுப்பிவிட்டுச் செம்மறி மேயவிட்டார். இன்னொருவர் மேற்கிந்தியத் தீவில் அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்து, அந்தக் காசில் மாளிகையைப் பெருப்பித்தார்.

வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டாலே கோர்ட்டுக்குப் போகிற ஆட்கள் நாங்கள். இவர்கள் ஊரையே தள்ளியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் பிரபு.

16 மார்ச்

இன்று ஒருவன் யன்னல் சீலைகளை அளக்க ஆளோடு வந்தான். லேடியின் சித்தப்பாவுடைய பேரன். வீட்டுக்காரி படுத்திருக்கிறா, எழும்பும்வரை கூடத்தில் இருங்கள் என்றேன். சிரித்தான். வீட்டுக்காரன் அவன்தானாம்! பட்டமும் சொத்தும் ஆண்வழிக்கு மட்டும். பிறந்த வீட்டை விட்டு லேடி ஜூனுக்குள் வெளிக்கிட வேண்டும்.

பெண்பிள்ளை உயிரோடு இருக்கேக்க வீடு வேறை ஆருக்கோ? இதென்ன நியாயம்?

வீட்டுக்கு வந்து என் மனுசனுக்குச் சொன்னேன். "வெள்ளைக்காரன் விசயம் தெரிஞ்சவன்," என்றார். "எங்கடை இல்ஃபோர்ட் வீட்டையும் பெடியன் யதுசன்ரை பேரிலை மாத்திவிடுவம். வான்மதி கட்டிப் போறவள்தானே."

மகள் கட்டிப் போனால் மகள் இல்லையோ? கேட்கவில்லை. கோப்பை கழுவினேன்.

2 ஏப்ரல்

எனக்குத்தான் பத்திக்கொண்டு வருகுது. லேடிக்குக் கோபமே இல்லை. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் குடும்பம் ஐந்நூறு வருஷம் நின்றிருக்காது என்கிறா. தன்னை வெளியில் விடுகிறவர்களுக்காக நியாயம் வேறு சொல்கிறா.

பொறுக்கமுடியாமல், எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், எனக்கும் சீதனமாக எழுதித் தந்தார்கள் என்று பெருமையடித்தேன்.

"அந்த வீடு இப்போது எங்கே?" என்று கேட்டா.

விற்றுவிட்டோம் என்றேன்.

"யார் விற்றது?"

இவர்தான். லண்டனுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குக் காசு கட்ட. என்னை ஆர் கேட்டது? கையெழுத்தைப் போடு எண்டார். போட்டன்.

லேடி பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினா. கன்னத்தில் அறைந்திருந்தாலும் இப்படிச் சுட்டிருக்காது.

3 ஏப்ரல்

வேலைக்குப் போக மனம் வரவில்லை. போனேன்.

27 மே

லேடியை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். தாயின் படம் ஒன்றை மட்டும் கேட்டா. அது குடும்பச் சொத்து, தர ஏலாது என்றுவிட்டான் அந்தப் புது வீட்டுக்காரன். அவனுக்கே கை கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினா. அப்படி வளர்த்திருக்கிறார்கள். எனக்கும் கை நீட்டினான். நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

13 ஜூன்

இவர் சட்டத்தரணியிடமிருந்து தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வீடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது, அதனால் என் கையெழுத்தும் வேண்டும். யதுசன் போனைப் பார்த்துக்கொண்டே பேனையை நீட்டினான். வான்மதி தோசை சுட்டுக்கொண்டு நின்றாள்.

"போட்டு விடுங்கோ அம்மா. தம்பிக்குத்தானே. ஏன் வீண் சண்டை," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

அவள் அழுதிருந்தால்கூட ஒருவேளை போட்டிருப்பேன்.

"ஏலாது," என்றேன். "பாதி என்ரை. அது வான்மதிக்கு."

அந்தக் கிழவி சொல்லித் தந்தவவோ என்று இவர் கேட்டார். இல்லை, நீங்கள்தான் என்றேன்.

20 ஜூன்

இவர் என்னோடு கதைப்பதில்லை. சோறு மட்டும் சாப்பிடுகிறார். வீடு நல்ல அமைதியாக இருக்கிறது.