அப்பா பாதியில் திரும்பிய ஏரி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா, பாப்பாவுக்குச் சளி விட்டதா. இங்கே நானும் நலம், உன் தம்பியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இரண்டாவது பாதியை எழுதக் கை வரவில்லை. ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் ஃபோனை எடுத்தாலே அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறான், அக்கா குரலைக் கேட்க வேண்டுமாம். தனியாகப் பேசினாலும் நான் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன். மருந்துக்கடைக்காரர் மனைவி நாளைக்கு உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த மாதக் கடைசியோடு அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் கடையில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். தம்பி நம் இரும்புக்கடையை நன்றாகத்தான் நடத்துகிறான், குறை சொல்ல மாட்டேன். ஆணி நிறுத்துப் போடும்போது அப்பா மாதிரியே கடைசியில் இரண்டு ஆணியைச் சும்மா தூக்கிப் போடுகிறான். ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், பிளம்பர், பெயிண்டர், போட்டோ ஸ்டுடியோக்காரர் என்று அப்பாவின் பழைய சபை கூடிவிடுகிறது. காலி பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு அப்பாவின் பிரதாபத்தை அளக்கிறார்கள். எந்தக் காற்றிலும் ஏரியைக் கடந்தாராம், ஆள் உயர அலையிலும் பாட்டுப் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டாராம், ஏரிக்கே அவரைக் கண்டால் நடுக்கமாம். உங்கப்பா மாதிரி தைரியசாலி இனிமே பொறந்துதான்ப்பா வரணும் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னபோது உன் தம்பி முகத்தைப் பார்த்தேன். அப்பாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அந்த டப்பா சபையிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

உன் அப்பாவை இவர்களுக்கா தெரியும். கடை ஷட்டரை இறக்கிய கையோடு தூண்டிலும் கூடாரமுமாகக் கிளம்பிவிடுவார், லீவு நாளில் வீட்டில் இருந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறாத மேடு இல்லை, நுழையாத புதர் இல்லை, செருப்பில் முள்ளில்லாமல் வீட்டுக்கு வந்த நாளும் இல்லை. அதெல்லாம் உண்மை. ஆனால் தண்ணீருக்குப் பயந்த மனிதர். மிதவைச் சட்டை போடாமல் படகில் கால் வைக்க மாட்டார். கடைப் பலகை ஓரத்தில் என் பழைய புடவைக் கரையைக் கிழித்து ஒரு சிவப்புப் பட்டை கட்டியிருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா. எந்தக் கட்சிண்ணே என்று வருகிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். சிரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் படபடத்தால் மலை இடுக்கிலிருந்து காற்று இறங்குகிறது, நடு ஏரியில் அலை எழும்பும் என்று கணக்கு. அன்றைக்குப் போக மாட்டார். போன பிறகு காற்று மாறினால் பாதியிலேயே படகைத் திருப்பிவிடுவார். திரும்பியதை நாலு பேரிடம் சொல்ல வெட்கம், அதனால் சந்தையில் மீன் வாங்கித் தூண்டில் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக நெஞ்சை நிமிர்த்தி நடந்து வருவார், வழியில் இரண்டு பேருக்குத் தானம் வேறு. ஐஸில் கிடந்த மீன் என்று எனக்குத் தெரியாதா. ஏரி இன்னிக்கு ரொம்பக் குளிரோ என்று கேட்பேன், காது கேட்காதவர் மாதிரி குளிக்கப் போய்விடுவார். அப்படித் திரும்பித் திரும்பி வந்ததால்தான் கடைசியில் கடை நாற்காலியில், தராசுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தார். நினைத்தால் இப்போதும் வலிக்கிறது, ஆனாலும் முகத்தைப் பார்க்கக் கிடைத்ததே.

இப்போது உன் தம்பி செய்கிற காரியத்தைக் கேள். கூட்டத்தன்று அப்பா படகில் தனியாக ஏரியைக் கடந்து அக்கரைப் பாறையில் அப்பாவின் தொப்பியை வைக்கப் போகிறானாம், ஸ்டுடியோக்காரர் கரையில் நின்று படம் பிடிப்பாராம். காற்றைப் பார்த்துப் போடா என்றால் அப்பா பார்த்தாரா என்கிறான். கடைக்குப் புதுப் பலகை மாட்டியாயிற்று. அதில் பெயிண்டர் உன் அப்பாவைப் பனைமர உயர அலை மேல் ஏற்றி வைத்திருக்கிறார். அந்த முகத்தை மறைக்கிறது என்று சிவப்புப் பட்டையை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். மிதவைச் சட்டையை அப்பா படத்துக்குக் கீழே காட்சிக்கு மாட்டியிருக்கிறான், அதைப் போடுவது மரியாதை இல்லையாம். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன், மீன் கதையையும் சொன்னேன். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, சிரிக்கிறான். உனக்குத்தான் பயம்மா, அதுக்காக அப்பாவையும் பயந்தாங்கொள்ளி ஆக்காதே என்றான். அந்த மீனை நானே சாப்பிட்டிருக்கேனே என்று பெயிண்டர் சாட்சி சொல்கிறார்.

அப்பா பாதியில் திரும்பிய ஒரு நாள் நீதான் அந்தப் படகில் இருந்தவள். நீ பள்ளிக்கூடம் போகிற வயது, அக்கரைப் பாறையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்துக்கொண்டு போனாய். நடுவில் காற்று மாறியது, அப்பா திருப்பினார், அவர் கை நடுங்கியதைப் பார்த்துத்தான் நீ அழுகையை நிறுத்தினாய் என்று ராத்திரி என்னிடம் சொன்னாய். கடையில கேட்டா பெருசா ஒண்ணு தப்பிச்சிடுச்சுன்னு சொல்லு என்று உன்னிடம் சத்தியம் வாங்கினார், நீயும் என்னைத் தவிர யாரிடமும் சொல்லாமல் இன்றுவரை காப்பாற்றிவிட்டாய். போதும், இனிமேல் காப்பாற்றாதே. என் பேச்சைத்தான் அவன் தள்ளுவான், உன் பேச்சைத் தள்ள மாட்டான். அவனைக் கூப்பிட்டு அந்த நடுங்கிய கையைச் சொல்லு. அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் பிள்ளை உயிரைவிட அவருக்குப் பெருமை பெரிதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ராத்திரியில் வேகமாக வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல். பாப்பாவுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். கூப்பிட மறந்துவிடாதே, கூட்டத்துக்கு முன்னால் கூப்பிடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

கவரை ஒட்டப் பசை எடுக்க மாடியிலிருந்து கடைக்கு இறங்கினேன். கடையில் பெயிண்டர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். கூட்டத்துக்கு ஒத்திகை பார்க்கத் தம்பி காலையிலேயே ஏரிக்குப் போய்விட்டானாம், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றானாம். மூலையில் துடுப்புகள் இல்லை. மிதவைச் சட்டை படத்துக்குக் கீழே அப்படியே தொங்குகிறது. நேற்று நான் ஜன்னல் கம்பியில் ஒரு புதுப் பட்டை கட்டினேன், அது தொட்டிப் பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கிறது. அவனுக்கு ஃபோன் அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது; உனக்கும் அடித்தேன், நீயும் எடுக்கவில்லை. சட்டையை எடுத்துக்கொண்டு நான் ஏரிக்கு ஓடுகிறேன், கடிதத்தை மருந்துக்கடையில் சேர்க்கச் சொல்லிப் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். இது கிடைத்ததும் நீ முதலில் அவன் நம்பருக்குப் போடு. அவன் எடுத்தால், அப்பா திரும்பி வந்ததைச் சொல்லு.