மூன்று வார லீவு

அன்புள்ள அத்தை,

உங்கள் ஷூக்களை இன்று கையில் எடுத்தேன். செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடப்பதை எல்லாம் எடுத்துத் துடைத்து வைக்கும்படி மாமா சொல்லியிருந்தார். சாம்பல் நிறம், ஓரத்தில் நீலக் கோடு. இடது ஷூவின் கயிறு அவிழ்ந்திருக்கிறது. வலது ஷூவின் முடிச்சு நீங்கள் போட்டபடியே இருக்கிறது. தலைகீழாகப் பிடித்துத் தட்டியபோது அடிப்பள்ளங்களிலிருந்து கடற்கரை மணல் உதிர்ந்தது. நல்ல மணல், இன்னும் ஈரம் பட்டதுபோலக் கறுப்பாக. அதைப் பெருக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து ஷூவுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

புடவைக்குக் கீழே ஷூ போட்டு நடந்த முதல் பெண் எங்கள் தலத்தெருவில் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் நிறைய நடக்கவேண்டியிருக்கும், செருப்பு தாங்காது, இப்போதிருந்தே பழக வேண்டும் என்று தினமும் காலையில் கடற்கரைக்குப் போனீர்கள். முதல் வாரம் குதிகாலில் கொப்புளம். தெருமுனை டீக்கடைக்காரர் ஒருநாள், "என்னங்கம்மா, ஒலிம்பிக்குக்கா?" என்று கேட்டார். நீங்கள் நிற்காமலே சொன்னீர்கள்: "ஆமாப்பா. ஒக்கார்ற போட்டிக்கு."

அவருக்கு அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. உங்கள் பயணத் திட்டமே அதுதானே.

எல்லாம் போன வருட மாங்கனித் திருவிழாவில் தொடங்கியது. ஊர்வலம் வரும் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நாம் நின்றிருந்தோம். மாடிகளிலிருந்து மாம்பழம் விழுந்துகொண்டிருந்தது. கல்யாணமான வருடத்திலிருந்து உங்களை ஆண்டுதோறும் முன்னால் தள்ளிவிட்டு முந்தானையை ஏந்தச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். விழாவில் பிடித்த பழத்தைத் தின்றால் குழந்தை பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நீங்கள் பிடித்தீர்கள், தின்றீர்கள், பிறக்கவில்லை. பிறகு ஏந்துவதை நிறுத்திவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தீர்களாம். போன வருடம் நீங்கள் ஏந்தாமலே ஒரு பழம் உங்கள் தோளில் பட்டுக் கைக்கு வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் பழக்கதோஷத்தில், "கெடச்சிருச்சு பாருங்க, இந்த வருஷம்…" என்று ஆரம்பித்துவிட்டு, உங்கள் நரைத்த தலையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். நீங்கள் பழத்தை முந்தானையில் துடைத்து முகர்ந்தீர்கள்.

"கெடச்சது கெடச்சிருச்சு. நான் வேற ஒண்ணு வேண்டிக்கறேன். எங்கயாவது தூரமாப் போயி சும்மா ஒக்காந்துட்டு வரணும்."

வீட்டில் யாரும் இதை முதலில் நம்பவில்லை. நம் குடும்பத்தில் பயணம் என்றால் ஒன்று கோயில், இல்லையென்றால் கல்யாணம், இல்லையென்றால் சாவு. நீங்களும் மாமாவும் வியட்நாம் போகப்போகிறீர்கள் என்றதும் மாமாவின் அக்கா கேட்ட முதல் கேள்வி, என்ன வேண்டுதல் என்பது. வேண்டுதல் இல்லை என்றீர்கள். அப்படியானால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றீர்கள். "யாருமில்லாத ஊருக்கு எதுக்குப் போறீங்க?" என்றார். "அதுக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு நீங்கள் காபி கலக்க எழுந்துபோனீர்கள்.

வியட்நாமை முதலில் சொன்னது மாமா. அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் வேலை பார்த்தவர். அந்த நகரத்தில் ஒரு தெருவிலாவது நடந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்கு அது போதும். உங்களைப் பிடித்தது நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் இருந்த படம். மீகாங் ஆறு கடலில் சேரும் இடம். கரையிலிருந்து கரைக்குத் தண்ணீர். படகுகள் எறும்புகள் மாதிரி. கழிமுகம் என்று பாடத்தில் படித்ததை உங்களுக்கு விளக்கத் தொடங்கினேன். எங்கள் அலுவலகத்தில் முகத்துவாரம் என்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கடல்ல சேர்ற எடத்துல ஒரு ஆத்துல இவ்ளோ தண்ணி இருக்குமாடி?"

உங்கள் வேலை என்ன என்று தெரியாதவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியாது. நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றீர்கள். நம் ஊர் காவிரியின் கடைமடை. மேலே எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் நமக்கு. ஒவ்வொரு ஆனியிலும் ஆடியிலும் உங்கள் மேசைக்கு முன்னால் விவசாயிகள் வந்து நிற்பார்கள். கேள்வி ஒன்றுதான்: "தண்ணி எப்பம்மா வரும்?" உங்கள் கையில் மதகும் இல்லை, சாவியும் இல்லை. ஆனாலும் அவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் உங்கள் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். நீங்களும் அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்து அவர்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். சாப்பாட்டில் கை வைத்திருக்கும்போதுகூட இடது கையால் போனை எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு மாலைகளில் உங்கள் சாப்பாட்டு மேசையில் நாம் திட்டம் போட்டோம். மாமாவுக்குச் சர்க்கரை, உங்களுக்கு முழங்கால், எனக்கு ஊர்ப்பெயர்கள் மீது பேராசை. நான் வடக்கிலிருந்து தெற்கு வரை ஒவ்வொரு நகரமாகக் கோத்துக் கொண்டுபோனேன். குகை, அருங்காட்சியகம், மலைத்தொடர், இரவு ரயில். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாக எல்லாவற்றையும் படித்தீர்கள்.

"இதப் படிக்கவே மூச்சு வாங்குது. சைகோன்ல ரெண்டு நாள், மாமாவுக்காக. அப்பறம் ஆத்தங்கரையில ஒரே ஊரு. ஒரே ரூமு, கீழ்த்தளத்துல. காலைல போயி கரையில ஒக்காரணும். மத்தியானம் தூங்கணும். சாயங்காலம் மறுபடி ஒக்காரணும்."

"அதுக்குப் பேரு சுற்றுலா இல்ல அத்தை."

"நான் எப்ப சுத்தறேன்னு சொன்னேன்? லீவு போடறேன்னுல்ல சொன்னேன்."

மூன்று வாரம் என்று முடிவானது. எப்போது என்பதில்தான் சண்டை. நீங்கள் ஆடி என்றீர்கள். ஆடியில் யாராவது புதுக்காரியம் தொடங்குவார்களா, அங்கே அப்போது மழைக்காலம் வேறு என்று எல்லோரும் சொன்னார்கள். மழை பெய்தால்தானே ஆறு நிறைந்திருக்கும் என்றீர்கள். என்னிடம் மட்டும் இன்னொரு காரணம் சொன்னீர்கள். ஆடியில்தான் உங்கள் போன் ஓயாமல் அடிக்கும். விமானம் ஏறும் அன்று அதை அணைத்து மாமாவின் பெட்டியில் அடியில் போட்டுவிடுவீர்கள். திரும்பி வரும்வரை தண்ணீர் எப்போது வரும் என்று உலகத்தில் ஒருவர்கூட உங்களைக் கேட்க முடியாது. அதைச் சொல்லும்போது உங்கள் முகம், மணி அடித்ததும் வகுப்பை விட்டு ஓடும் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

மாசி மாதம் பயணச்சீட்டு எடுத்தோம். அந்த மாதமே ஒரு காலையில் கடற்கரையிலிருந்து நடந்து வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். இடது ஷூவைக் கழற்றினீர்கள். தலை சுற்றுகிறது என்று மாமாவைக் கூப்பிட்டீர்கள். வலது ஷூவை முடிச்சை அவிழ்க்காமலே மருத்துவமனையில் யாரோ இழுத்துக் கழற்றியிருக்கிறார்கள். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாலை போட்டுக் கூடத்தில் கிடத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மாமா போவாரா மாட்டாரா என்பதுதான் வீட்டின் பேச்சு. அவர் போகவேண்டும் என்று நான் நினைத்தேன், அத்தை. நீங்கள் பார்க்க நினைத்ததை ஒருவராவது பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லவேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. மாமாவின் அக்கா முடியாது என்றார். வருஷம் திரும்பாமல் மலை ஏறக்கூடாது, கடல் தாண்டக்கூடாது. இது கோயில் இல்லையே, வேண்டுதல் இல்லையே என்று நீங்கள் சொன்னதையே நான் திருப்பிச் சொன்னேன். அப்பா என்னை அதட்டினார். எல்லோரும் போன பிறகு மாமா என்னிடம் மட்டும் சொன்னார்:

"அவங்க சொல்றதுக்காக இல்லம்மா. சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு ரெண்டு பேரு வேணும். ஒருத்தன் மட்டும் ஒக்காந்தா அது லீவு இல்ல."

அதற்கு மேல் நான் அவரை வற்புறுத்தவில்லை.

விமான நாள் வந்தது. அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, கடற்கரைவரை வருகிறாயா என்று கேட்டார். அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போனோம். கரையோரச் சுவரில் உட்கார்ந்தோம். ஆற்றில் ஆற்றுத் தண்ணீர் இல்லை. கடல்தான் உள்ளே வந்து பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. பட்டினச்சேரிப் பக்கம் போகும் ஒரு படகு தெரிந்தது. கடலுக்கு அப்பால் இருக்கும் உங்கள் மீகாங் ஆற்றை நான் நினைத்துக்கொண்டேன். அது இந்நேரம் கடலைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருக்கும். மாமாவின் மடியில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று உங்களுடையது. நீங்கள் போனதிலிருந்து தினமும் அதற்குச் சார்ஜ் போட்டு வைக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அது அடித்தது. திரையில் பெயர் இல்லை, எண் மட்டும். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி நிற்கப்போகும் சமயத்தில் என்னிடம் நீட்டினார்.

"அம்மாங்களா? நெடுங்காட்டுலேர்ந்து பேசறேங்க. நாத்து காயுதுங்க. தண்ணி எப்ப வரும்னு ஒரு வார்த்த கேட்டுச் சொன்னீங்கன்னா…"

வயதான குரல். இறந்துவிட்டார்கள் என்ற சொல் வாய்வரை வந்தது. மாமா என் பக்கத்தில் இருந்தார்.

"அத்தை லீவுல இருக்காங்கய்யா" என்றேன்.

"லீவா? அவங்க லீவே போடமாட்டாங்களே. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லய்யா. வெளியூரு."

"போயிட்டு வரட்டும். அவங்களும் எத்தன வருஷந்தான் எங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருப்பாங்க." பிறகு தயங்கி, "தண்ணி வந்துச்சான்னு ஒனக்குத் தெரியுமா பாப்பா?" என்று கேட்டார்.

எதிரில் இருந்ததைப் பார்த்தேன். "இன்னும் வரலீங்க" என்றேன்.

மாமா என் கையிலிருந்து போனை வாங்கினார். அவர் கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தார். அழுத்திப் பிடித்து அதை அணைத்தார். திரை கறுத்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"மூணு வாரம்" என்றார். "அவ சொன்ன மாதிரியே." பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அதுக்கப்பறம் யாராவது எப்ப வருவாங்கன்னு கேட்டா என்னம்மா சொல்றது?"

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். சும்மாதான்.

ஷூக்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மாமா சொல்கிறார். கொடுங்கள் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் அந்த வலது முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. பள்ளிப் பேருந்து அரசலாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது இப்போதெல்லாம் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்க்கிறேன். யாரும் என்னிடம் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, போன் எடுக்கும் உங்கள் இடது கையிலிருந்து ஒட்டிக்கொண்டது.

இன்று காலை, ஆற்றின் நடுவில், மணலை நனைத்துக்கொண்டு ஒரு கோடு. கலங்கல் நிறம். மேலேயிருந்து வருகிற தண்ணீர்தான், கடல் இல்லை. பக்கத்துத் தோழியை உலுக்கிக் காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்றாள்.

பள்ளி விட்டு வந்ததும், யோசிக்காமல், அம்மாவின் போனை எடுத்து உங்கள் எண்ணை அழுத்தினேன். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மூன்று வாரம் இன்னும் முடியவில்லை. தண்ணீர் வந்துவிட்டது, அத்தை. உங்களிடம் சொல்ல வழியில்லாத தூரத்தில் இருக்கிறீர்கள்.